வாசகியர் கேள்வி - பதில்: குழந்தையைச் சுமக்கும் துணியை நாமே தைக்கலாமா?

கைக்குழந்தையை உடலோடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் துணிகளையும் கேரியர்களையும் வீட்டிலேயே தைப்பது பற்றிப் பல ஊர்களிலிருந்து இளந்தாய்மார்கள் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால் இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். திருச்சியிலிருந்து வந்த கடிதம் அவசரமானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை பிறந்து 25 நாட்கள் ஆகின்றன. தொட்டில் போலப் படுக்க வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்றை, அடியில் மெத்தென்று பஞ்சு வைத்து நானே தைத்தேன். உள்ளே வைத்தவுடன் தூங்கிவிடுகிறான். ஆனால் குனிந்து பார்த்தால்தான் முகம் தெரிகிறது. இது சரியான முறையா?
- வாசகி, திருச்சி

அந்தப் பையை இன்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள், சகோதரி. உங்கள் தையலில் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை; அந்தப் பையின் வடிவமே பிறந்த குழந்தைக்கு ஆபத்தானது. ஆழமான பைக்குள் குழந்தை சுருண்டு படுக்கும்போது தலை முன்னே சாய்ந்து, முகவாய் நெஞ்சில் படிந்துவிடுகிறது. பிறந்த குழந்தையின் கழுத்துக்குத் தலையை நிமிர்த்தும் வலிமை இல்லை; மூச்சுக்குழாயும் மென்மையானது, குறுகலானது. முகவாய் நெஞ்சில் படிந்த நிலையில் அந்தக் குழாய் மடங்கி, குழந்தை அழவும் முடியாமல், சத்தமே இல்லாமல் மூச்சுத் திணறக்கூடும். மூக்கும் வாயும் துணியிலோ தாயின் உடலிலோ அழுந்திக்கொள்வது இன்னோர் ஆபத்து. அடியில் நீங்கள் அன்போடு வைத்த பஞ்சு, குழந்தையை இன்னும் அதிகமாகச் சுருளச் செய்யும்.

இது வெறும் அச்சமில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் வெளியிட்ட எச்சரிக்கையில், அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில், இப்படித் தோளில் மாட்டிக்கொள்ளும் ஸ்லிங் வகைத் துணிகளோடு தொடர்புடைய குறைந்தது 14 குழந்தை மரணங்களைக் குறிப்பிட்டது. அவற்றில் 12 குழந்தைகள் 4 மாதம் நிறையாதவர்கள். குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளி பிடித்து மூச்சு விடச் சிரமப்படும் குழந்தை ஆகியோருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அவர்களை எந்தத் துணியில் கட்டுவதற்கு முன்பும் குழந்தை மருத்துவரைக் கேட்பது கட்டாயம்.

பாதுகாப்பான நிலை எதுவென்றால், குழந்தை நிமிர்ந்த நிலையில், வயிறு உங்கள் மார்பில் படும்படி, இறுக்கமாக அணைக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் சற்றே குனிந்தால் குழந்தையின் உச்சந்தலையில் முத்தமிட முடிய வேண்டும். கண்ணைத் தாழ்த்தினாலே முகம் முழுவதும் தெரிய வேண்டும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே உங்கள் விரல்கள் இரண்டு நுழையும் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். துணி தளர்ந்தால் குழந்தை சரிந்து சுருண்டுவிடும் என்பதால், இறுக்கிக் கட்டுவதுதான் குழந்தைக்கு நல்லது. "பாவம், இறுக்குகிறதே" என்று தளர்த்திவிடாதீர்கள். துணிக்குள் வைத்தபடியே பாலூட்டினால், ஊட்டி முடித்ததும் மறுபடி நிமிர்த்தி முகத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். தூங்கிவிட்டதே என்று அப்படியே விடக்கூடாது.

பைக்காக வாங்கிய துணி நல்ல துணியாக இருந்தால் வீணாகாது. பஞ்சை எடுத்துவிட்டுப் பிரித்து, பொம்மைக்கோ டயப்பர் பைக்கோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

எனக்கு 3 மாதப் பெண் குழந்தை. பேறுகால விடுப்பில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பாவாடை, சட்டை தைக்கும் அளவுக்குத் தையல் தெரியும். குழந்தையைக் கட்டிக்கொள்ளும் துணிகளைத் தைப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?
- வாசகி, ஈரோடு

தையல் மிகக் குறைவாக உள்ள ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தையல் தெரிந்த ஒருவரிடம் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நல்ல துணி ஒரு குழந்தையின் எடையைத் தாங்கும்போது முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் தையல்தான். தையல் இல்லாத இடத்தில் பிரிவதற்கு எதுவும் இல்லை. உலகின் பல பகுதிகளில் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வருபவையும் வெட்டாத, தைக்காத துணிகள்தாம்: மெக்சிகோவின் ரெபோசோ, கிழக்கு ஆப்பிரிக்காவின் காங்கா, இந்தோனேசியாவின் செலெண்டாங். நம் தூளியும் ஒரு சேலையும் ஒரு முடிச்சும்தானே.

ஆகவே உங்கள் முதல் வேலை ஒரு நீளக் கட்டுத்துணியாக இருக்கட்டும். ரேப் என்று கடைகளில் சொல்கிறார்களே, அதுதான். தாயின் மார்பையும் முதுகையும் சுற்றி, தோள்களில் குறுக்காக ஏறி, குழந்தையை நடுவில் தாங்கி, இடுப்பில் முடிச்சிடப்படும் ஒரே துண்டுத் துணி அது. நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு ஏறத்தாழ 4.6 மீட்டர் நீளமும் 65 முதல் 70 சென்டிமீட்டர் அகலமும் போதும். சற்றுப் பருமனாக இருந்தால் 5.2 மீட்டர் எடுங்கள். துவைத்தால் பருத்தி சுருங்கும் என்பதால் கால் மீட்டராவது கூடுதலாக வாங்கி, வெட்டுவதற்கு முன்பே சுடுநீரில் இருமுறை துவைத்து உலர்த்திவிடுங்கள். கைத்தறித் துணியில் கஞ்சி இருக்கும். இரவு முழுக்க ஊற வைத்து அலசினால்தான் அது போய்த் துணி உடலோடு படியும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பேன். சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் எடையுள்ள சுத்தமான பருத்தி நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும். அதைவிட மிக மெல்லியது தோளில் கயிறு போல் திரண்டு அறுக்கும். மிகத் தடித்தது முடிச்சுக்குப் படியாது, வேர்க்கவும் வைக்கும். சட்டைக்குரிய வழுவழுப்பான பாப்லின், பாலியஸ்டர் கலந்த துணி இரண்டும் வேண்டாம், அவை வழுக்கும். துணிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊரில் இருக்கிறீர்கள். பக்கத்திலேயே போர்வைக்குப் பெயர் பெற்ற சென்னிமலை இருக்கிறது. அங்கு நெய்யப்படும் நடுத்தரக் கனமுள்ள பருத்திப் போர்வைத் துணியையே முதலில் கையில் எடுத்துப் பாருங்கள் என்று சொல்வேன்.

கடையிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நெசவு ஒரே சீராக இருக்கிறதா, இழை விலகி ஓட்டையாகத் தெரியும் இடங்கள் உள்ளனவா என்பது விளங்கிவிடும். பிறகு நீளவாக்கில் ஓடும் பாவு இழையின் திசையிலும் அகலவாக்கில் ஓடும் ஊடை இழையின் திசையிலும் இழுத்துப் பாருங்கள். எந்தத் திசையிலும் நீளக்கூடாது. கடைசியாக, எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்கே இழுங்கள். இப்போது சற்று இளகிக் கொடுத்து, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இந்தக் குறுக்கு நெகிழ்வுதான் குழந்தையின் முதுகை வளைவுக்கு வளைவு அணைக்கிறது. சாய்கோட்டு நெசவான ட்வில் துணியில் இது நன்றாக அமையும். சாதா நெசவிலும் நெருக்கம் அளவாக இருந்தால் கிடைக்கும்.

தைக்க வேண்டியது ஓரங்களை மட்டுமே. நெசவின் கரை இருக்கும் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். வெட்டிய பக்கத்தை ஒரு சென்டிமீட்டருக்கு இருமுறை மடித்துத் தைத்துவிடுங்கள். இரு முனைகளையும் சாய்வாக வெட்டினால் முடிச்சு சிறியதாக அமையும். நீளத்தின் சரிபாதியில், ஓரத்தில் வேறு நிறத் துணியில் ஒரு சிறு பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள். அழுகிற குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் நடுப்பகுதியைத் தேடும்போது அந்தப் பட்டியின் அருமை தெரியும்.

லைக்ரா கலந்த பனியன் துணியிலும் கட்டுத்துணி செய்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு அது இதமானதுதான். ஆனால் குழந்தை கனக்கத் தொடங்கியதும் தொய்ந்துவிடும். முதுகில் சுமக்க அதை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது.

என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை வெட்டி என் மகனுக்குக் கட்டுத்துணி தைத்தால் பாட்டியின் அணைப்பிலேயே இருப்பது போல இருக்கும் என்று தோன்றுகிறது. செய்யலாமா?
- வாசகி, மதுரை

செய்யலாம், ஆனால் சேலையின் வயதைப் பொறுத்தது. சேலையின் நீளம் ஏறத்தாழ 5.5 மீட்டர். அகலத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 55 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். சிறு குழந்தைக்கு அது போதும். வெட்டாமல் இரண்டாக மடித்துக் கட்டுவது இன்னும் நல்லது, ஏனெனில் சேலைத் துணி மெல்லியது. இரண்டடுக்காக இருந்தால் தோளையும் அறுக்காது, சேலையும் பிற்பாடு சேலையாகவே இருக்கும்.

பழைய துணி குழந்தைக்கு இதம் என்பது நம் வீடுகளில் நெடுநாள் நம்பிக்கை, அது உண்மையும் கூட. ஆனால் இதமாக்கிய அதே சலவைதான் இழையின் வலுவையும் குறைத்திருக்கிறது. தரையை ஒட்டித் தாழக் கட்டும் தூளியில் துணி கிழிந்தால் ஏற்படும் விளைவு வேறு. நீங்கள் நின்றுகொண்டோ படியில் இறங்கிக்கொண்டோ இருக்கும்போது மார்பு உயரத்தில் கிழிந்தால் ஏற்படும் விளைவு வேறு. சேலையின் பல இடங்களில், குறிப்பாகக் கொசுவம் வைத்த மடிப்புகளிலும் ஓரங்களிலும், இரு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் இழை விட்டாலும் அந்தச் சேலை சுமப்பதற்கு ஆகாது. ஜரிகைக் கரை குழந்தையின் கன்னத்தைக் கீறும் என்பதால் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். குழந்தை துணியைச் சப்பும் என்பதால், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

நைந்த சேலையை விட மனம் வரவில்லையென்றால், உறுதியான புதுத்துணியில் கேரியர் தைத்து, அதன் வெளிப்புறத்தில் அம்மாவின் சேலைத் துண்டை அலங்காரமாக வைத்துத் தைத்துவிடுங்கள். எடையைப் புதுத்துணி தாங்கிக்கொள்ளும்.

வளையங்களில் துணியை நுழைத்து இறுக்கி, ஒரு தோளில் மாட்டிக்கொள்ளும் ரிங் ஸ்லிங் தைக்க விரும்புகிறேன். பக்கத்து ஹார்டுவேர் கடையில் பளபளப்பான இரும்பு வளையங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பைகளுக்குப் போடும் வளையங்களும் உண்டு. அவை போதுமா?
- வாசகி, சென்னை

போதாது. அந்த வளையங்களைக் கூர்ந்து பாருங்கள்; கம்பியை வளைத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்த இடம் ஒரு சிறு தடிப்பாகத் தெரியும். சிலவற்றில் பற்றவைக்காமல் முனைகளை வெறுமனே நெருக்கி வைத்திருப்பார்கள். எடை தொங்கத் தொங்க அந்த இணைப்புதான் திறக்கும் அல்லது முறியும். திறக்காவிட்டாலும் அதன் முரடான விளிம்பு ஒவ்வொரு முறையும் துணியை உராய்ந்து நைத்துக்கொண்டே இருக்கும். குழந்தையைச் சுமக்கும் ஸ்லிங்குக்கென்றே, இணைப்பு இல்லாமல் அலுமினியத்திலோ நைலானிலோ வார்த்து, எடை வைத்துச் சோதித்து விற்கும் வளையங்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு வளையங்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுத்தரக் கனமுள்ள துணிக்கு 3 அங்குல வளையம் ஏற்றது. இந்த வேலையில் செலவைக் குறைக்கக்கூடாத ஒரே இடம் இதுதான்.

இந்த வகை ஸ்லிங், 1981-இல் ஹவாயில் ரேனர் கார்னர் என்பவர் தம் மனைவிக்காக வடிவமைத்தது. பிறகு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸ் வழியாக அது பரவியது. 2 மீட்டர் நீளமும் 70 முதல் 75 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துணியின் ஒரு முனையைக் கொசுவம் போல மடித்து, இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, ஒரு சாண் அளவுக்குப் பின்னே மடக்கி, அகலம் முழுவதும் குறுக்கே மூன்று வரிசை தைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் போடுங்கள். ஒரு வரிசை விட்டாலும் மற்ற இரண்டும் தாங்கும், நீங்கள் கவனித்துச் சரிசெய்யவும் அவகாசம் கிடைக்கும். கொசுவம் தோளின் முனையைத் தாண்டிப் புயத்தில் இறங்காத அளவுக்கு இருக்கட்டும். இறங்கினால் கையைத் தூக்க முடியாமல் தவிப்பீர்கள்.

நான்கு பக்கமும் பட்டை வைத்துக் கட்டும் மெய் தாய் கேரியர் தைத்தேன். தோள்பட்டை சேரும் இடத்தில் தையல் லேசாக வாய் திறக்கிறது. சட்டைக்குப் பயன்படுத்தும் பருத்தி நூலில்தான் தைத்தேன். என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, கோயம்புத்தூர்

சீனாவில் தோன்றிய இந்த வடிவம், தையல் தெரிந்த தாய்மார்களுக்கு மிகவும் பிடித்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. நடுவில் ஒரு செவ்வகம், இடுப்புக்கு இரண்டு பட்டைகள், தோளுக்கு இரண்டு நீளப் பட்டைகள், அவ்வளவுதான். ஆனால் எடை முழுவதும் பட்டைகள் சேரும் நான்கு இடங்களில் வந்து குவிகிறது. சட்டையில் கையை இணைப்பது போலப் பட்டையின் முனையை விளிம்பில் செருகி ஒரே தையல் போட்டால் அது வாய் திறக்கத்தான் செய்யும். தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். மேலே இன்னொரு தையல் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

நடுப்பகுதியை மூன்றடுக்காக வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அடுக்கு கெட்டியான டிரில் அல்லது கேன்வாஸ் துணியாக இருக்கட்டும், சுமை அதற்குரியது. தோள்பட்டையின் முனையை மேல் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே இறக்கி, வெளித்தெரியும் அடுக்குகளைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்தக் கெட்டித் துணியின் மீது படிய வைத்து, நான்கு பக்கமும் கட்டமாகத் தைத்து, கட்டத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போலத் தையுங்கள். பிறகு அலங்கார அடுக்கை வைத்து மூடி, அதன் மேலும் விளிம்பை ஒட்டி ஒரு வரிசை தைத்தால், இழுவிசை ஒரே கோட்டில் நிற்காமல் கட்டம் முழுவதும் பரவிவிடும். இடுப்புப் பட்டைகளை, முடிந்தால், இரு துண்டுகளாக வெட்டாமல் ஒரே நீளமாக வெட்டி நடுப்பகுதியின் அடிவிளிம்பு நெடுகத் தைத்துவிடுங்கள், இணைப்பே இராது.

நூல் நல்ல பாலியஸ்டர் நூலாக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் சலவையிலும் விரைவில் நைந்துவிடும். எம்பிராய்டரிக்குரிய ரேயான் நூல் நனைந்தால் வலுவிழக்கும். நைலான் ஒற்றை இழை நூல் நாளடைவில் துணியையே அறுக்கும். ஊசி 16-ஆம் எண், கேன்வாஸுக்கு 18. தையலின் நீளம் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் மிக நெருங்கிய ஊசித் துளைகள் தபால் தலையின் ஓரம் போல வரிசையாகி, துணி அந்தக் கோட்டிலேயே கிழிய வழி செய்துவிடும். சுமை தாங்கும் தையல்களைத் துணியின் நிறத்துக்கு மாறான நூலில் தையுங்கள். அழகுக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் ஒரு கண்ணி விட்டாலும் பளிச்சென்று தெரியும்.

தைத்து முடித்ததும் 10 கிலோ அரிசி மூட்டையைக் கட்டி, உறுதியான ஓர் இடத்தில் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் சில முறை உலுக்கி, ஒவ்வோர் இணைப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். பிறகுதான் குழந்தை.

துணியில் கட்டிச் சுமந்தால் குழந்தையின் கால் வளைந்துவிடும் என்கிறார் என் மாமியார். எப்போதும் தூக்கி வைத்திருந்தால் கைப்பழக்கமாகி, பிறகு கீழே விடவே விடாது என்றும் சொல்கிறார். அவர் பேச்சை மீறவும் மனமில்லை, தைத்ததைப் பயன்படுத்தாமல் இருக்கவும் முடியவில்லை.
- வாசகி, தஞ்சாவூர்

உங்கள் மாமியாரின் கவலை பேரப்பிள்ளை மீதுள்ள அக்கறையில் பிறந்தது. அதனால் அவருக்கு விளக்கிச் சொல்வதற்கு ஏற்றபடியே எழுதுகிறேன். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் முழுவதும் கெட்டிப்பட்டிருக்காது. தொடைகள் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்காருவது போன்ற நிலையில் இருந்தால்தான் தொடையெலும்பின் தலை கிண்ணத்துக்குள் சரியாகப் பொருந்தி வளரும். மாறாக, கால்களை நீட்டி நேராக்கி இறுகச் சுற்றி வைப்பதுதான் மூட்டு விலகலுக்கு வழிவகுக்கும். ஜப்பானில் 1970-களில் குழந்தைகளின் கால்களை அப்படி நீட்டிச் சுற்றுவதைக் கைவிடும்படி நாடு தழுவிய பிரசாரம் நடந்தது. அதன்பின் இடுப்பு மூட்டு விலகலோடு காணப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. உங்கள் மாமியார் தம் பிள்ளைகளை இடுப்பில் உட்கார வைத்துச் சுமந்திருப்பார் அல்லவா? அப்போது அவர்களின் கால்கள் விரிந்திருந்த நிலையும் இதுவேதான்.

ஆகவே தைக்கும்போது கவனிக்க வேண்டியது, இருக்கையின் அகலம். அது ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை தாங்க வேண்டும். நடுப்பகுதி குறுகலாக இருந்து, கால்கள் செங்குத்தாகத் தொங்கினால் மாமியாரின் குறை நியாயமானதே.

கைப்பழக்கம் பற்றி ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிக்கர், பார் என்ற இரு மருத்துவர்கள் நடத்தி 1986-இல் வெளியிட்டது. அழாத நேரத்திலும் சேர்த்து நாள்தோறும் கூடுதலாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள், 6 வார வயதில், மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவான நேரமே அழுதார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு முறைப் பராமரிப்பு, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துக் கட்டி வைப்பதுதான். உலக சுகாதார நிறுவனம் இன்று அதைப் பரிந்துரைக்கிறது. அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அதைவிட, ஒரு நாள் மாலையில் பேத்தியை அவர் மார்பிலேயே கட்டிவிடுங்கள் என்பேன்.

கேரியரில் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகலாமா? கைகள் காலியாக இருக்குமே.
- வாசகி, சேலம்

கூடவே கூடாது. கடையில் வாங்கியதானாலும் வீட்டில் தைத்ததானாலும் கேரியர் நடப்பதற்கு மட்டுமே. நீங்கள் விழுந்தால் குழந்தை உங்களுக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்வதற்கு மத்திய அரசு 2022-இல் அறிவித்த விதிகள், 30 கிலோ தாங்கும் தனிப் பாதுகாப்புக் கவசப் பட்டையையும் ஹெல்மெட்டையும் 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தையும் கட்டாயமாக்குகின்றன. உங்கள் கேரியர் அந்தப் பட்டைக்கு மாற்றாகாது. கைக்குழந்தையோடு ஆட்டோவிலோ பேருந்திலோ செல்லுங்கள். அடுப்படியிலும் கேரியரைக் கழற்றிவிடுங்கள்; எண்ணெய் தெறிக்கும் உயரமும் குழந்தையின் முகம் இருக்கும் உயரமும் ஒன்றுதான்.

எங்கள் ஊர் வெயிலில் குழந்தையை மார்போடு கட்டினால் இருவருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது. வேறு துணி உண்டா?
- வாசகி, வேலூர்

மார்பில் மூன்றடுக்கு வருமாறு சுற்றும் நீளக் கட்டுத்துணியைக் கோடையில் தவிர்த்து, ஓரடுக்கு மட்டுமே வரும் ரிங் ஸ்லிங்குக்கு மாறுங்கள். பருத்தியோடு லினன் கலந்த துணி வியர்வையை விரைவில் உலர்த்தும். துணியே ஓர் ஆடை என்று கணக்கில் கொண்டு, குழந்தைக்கு மெல்லிய பனியன் மட்டும் போடுங்கள். வெயில் படுமென்று துப்பட்டாவால் முகத்தை மூட வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ ஈரமாக இருந்தாலோ இறக்கிவிட்டுப் பாலூட்டுங்கள். நண்பகலில் கட்டிக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

குழந்தை தூங்கும் நேரத்தில் நீயும் தூங்காமல் மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கோ அந்த அரை மணி நேரம்தான் நான் நானாக இருப்பது போல இருக்கிறது. இது வீண் வேலையா?
- வாசகி, திண்டுக்கல்

வீண் வேலை அன்று. குழந்தை பிறந்த பின் ஒரு பெண்ணின் நேரமெல்லாம் பாலுக்கும் துணி மாற்றுவதற்கும் போய்விடுகிறது. செய்த வேலை எதுவும் செய்து முடித்ததாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நாட்களில், தொடங்கி முடித்து, மடித்து வைத்து, தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைச் செய்வது மனத்துக்கு எவ்வளவு ஊட்டம் என்பதை உங்கள் கடிதத்தின் கடைசி வரியே சொல்கிறது. உறக்கம் அவசியம்தான், அதற்காக உங்களுக்கென்று இருக்கும் அரை மணி நேரத்தைப் பறிப்பதைவிட, வீட்டில் மற்றவர்கள் பாத்திரம் துலக்கித் தரலாம். சிசேரியன் ஆகியிருந்தால் மட்டும், நெடுநேரம் குனிந்து மெஷின் மிதிப்பது எப்போது சரி என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று உலகெங்கும் விற்கும் கேரியர்களில் சிலவற்றின் தொடக்கமும் இப்படித் தம் குழந்தைக்காக யோசித்த தாய்மார்கள்தாம். 1960-களில் ஆப்பிரிக்காவின் டோகோவில் செவிலியராகப் பணியாற்றிய ஆன் மூர், அங்குள்ள தாய்மார்கள் குழந்தைகளை முதுகில் கட்டிச் சுமப்பதைப் பார்த்தார். அமெரிக்கா திரும்பித் தமக்குக் குழந்தை பிறந்ததும் அதேபோலக் கட்டிப் பார்த்தார். குழந்தை நழுவிக்கொண்டே இருந்தது. ஒஹாயோவில் இருந்த அவருடைய தாய் லூசி ஆக்கர்மன், பட்டைகள் வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்க, 1969-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஸ்னக்லி என்ற பெயரில் அது புகழ்பெற்றது. ஜெர்மனியில் 1971-இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற எரிகா ஹாஃப்மன், தம்மிடம் இருந்த மெக்சிகோ நாட்டுச் சால்வையில் அவர்களைக் கட்டிக்கொண்டு வேலைகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டே கட்டுத்துணி நெய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். நீங்கள் நிறுவனம் தொடங்க வேண்டுமென்று சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டார் சிறியது என்று நினைக்கும் வேலை சிறியதன்று என்பதற்காகச் சொன்னேன்.

நான் தைத்த கேரியர்களைப் பார்த்துத் தோழிகள் விலைக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா? ஒரு கேரியர் எத்தனை நாள் உழைக்கும்?
- வாசகி, திருப்பூர்

உங்கள் குழந்தைக்குத் தைப்பதில் நீங்களே தினமும் கட்டுகிறீர்கள், நீங்களே தையலைப் பார்க்கிறீர்கள். விற்றுவிட்டால் அந்தக் கண்காணிப்பு போய்விடுகிறது. அமெரிக்காவில் ஸ்லிங் வகைகளுக்குக் கட்டாயப் பாதுகாப்புத் தரம் 2017-இல் வெளியாகி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கு வீட்டில் தைத்து விற்பவர்களும் அதற்கு உட்பட்டவர்கள்தாம். இங்கே விற்பதானாலும் அதே பொறுப்போடு விற்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் பயன்படுத்தும் துணியின் இழுவலிமையைக் கோவையிலுள்ள சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வுக்கூடத்தில் சோதித்து வாங்குங்கள். ஒரே துணி, ஒரே நூல், ஒரே வளையம் என்று நிலையாக வைத்துக்கொண்டு, எந்தக் கேரியரை எந்தத் துணிக்கட்டில் எப்போது தைத்தீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். குழந்தையின் முகம், முகவாய், கால்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படத்தோடு தமிழில் அச்சிட்டு ஒவ்வொன்றிலும் தைத்துக் கொடுங்கள். முதலில், தையலே அதிகம் இல்லாத நீளக் கட்டுத்துணியை மட்டும் விற்றுப் பழகுங்கள். கேரியருக்குப் பிறகு போகலாம்.

உழைப்பைப் பொறுத்தவரை, நாள் கணக்குச் சொல்வதைவிடப் பார்த்துச் சொல்வதே சரி. ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை விலகியிருக்கிறதா என்று பாருங்கள், வளையம் உராயும் இடத்தையும் பட்டைகள் சேரும் கட்டங்களையும் விரலால் தடவுங்கள், நிழலில் உலர்த்துங்கள். தையல் விட்டிருந்தால் பிரித்துத் தைத்து, அரிசி மூட்டையை வைத்து மறுபடி சோதியுங்கள். துணியே நைந்திருந்தால் வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல், பட்டைகளை வெட்டி எடுத்துவிட்டுக் கைப்பிடித் துணியாக்கிவிடுங்கள்.